புளி போட்டுத் தேய்த்தவள்

காலையில் ஹோட்டலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்போது எங்கள் தங்குமிடத்தை மேய்க்கும் கேம்ப் பாஸ் எங்கள் தலையில் தட்டித் தட்டி எண்ணுவான். ஏக், தோ, தீன். நாங்கள் குனிந்துகொண்டு ஏறுவோம். ஆடு கூடத் தலையைச் சிலுப்பும், நாங்கள் அதுவும் செய்ததில்லை. அவள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே, அவன் கை தன் தலைக்கு வருமுன் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

"எதுக்கு தொடுத? கண்ணு தெரியலையா ஒனக்கு? கண்ணால எண்ணு."

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழில் திட்டினால் எந்த நாட்டுக்காரனுக்கும் அர்த்தம் விளங்கிவிடும். அவனும் கத்தினான். பஸ் நின்றது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டியூட்டிக்கு லேட், லேட்டானால் சூப்பர்வைசர், சூப்பர்வைசர் கோபப்பட்டால் விசா என்று என் மனசு ஒரு நிமிஷத்தில் ஏர்போர்ட் வரைக்கும் போய்விடும்.

"சவத்த விடுங்கக்கா," என்றேன்.

"எதுக்கு விடணும்?"

கடைசியில் அவன் பேனாவைக் காற்றில் ஆட்டி ஆட்டி எண்ணினான். அன்றிலிருந்து எல்லாருக்கும் பேனாதான். ஒருத்திகூட அவளுக்கு நன்றி சொல்லவில்லை. லேட்டாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் எல்லாருக்கும் ஞாபகம்.

இது பஹ்ரைனில், மனாமாவில், நாங்கள் எல்லாரும் போன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த காலம். அவளுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம், எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். குட்டையான ஆள். யூனிஃபார்ம் பேண்ட்டைச் சேலைக் கொசுவம் மாதிரி மேலே ஏற்றிக் கட்டியிருப்பாள். குதிகால் தரையில் இடிக்க நடப்பாள். அந்தச் சத்தம் காரிடாரில் கேட்டாலே நினைப்பேன், இன்றைக்கு யாரோடு வம்போ என்று.

நான் எட்டாவதோடு நின்றவள். எதைப் பார்த்தாலும் பயம். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன், பார்த்துவிட்டு வந்து மறுபடியும் போய்ப் பார்ப்பேன். விசா நகலை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலை அவளுக்குக் கொடுத்தது என் தலையெழுத்து.

அவள் வாயில் ஒரு சொல்தான். எதுக்கு. பதில் வேண்டிக் கேட்பதில்லை. கேள்வியைக் கல் மாதிரி எடுத்து வீசுவாள், விழுகிற இடத்தில் விழட்டும் என்று.

மெஸ்ஸில் பெண்களுக்கு அடிச்சோறு வரும். முதல் பந்தி ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் எங்களுக்கு. "எதுக்கு?" என்று தட்டை எடுத்துக்கொண்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளம்பர் அண்ணன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனார். அவள் இரண்டு பேர் இடத்தில் சம்மணம் போட்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

பக்கத்துக் குதைபியாத் தெருக்களில் காயல்பட்டினத்து முஸ்லிம் பெரியவர் ஒருத்தருக்குக் கடை, காக்கா என்று கூப்பிடுவோம். அங்கே வாங்கின போன் கார்டு ஒருதரம் வேலை செய்யவில்லை. மற்றவர்கள் என்றால் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு வேறு கார்டு வாங்குவோம். இவள் கடை வாசலில் நின்றாள். வருகிற ஒவ்வொருத்தரிடமும், "வாங்கும்போதே கேட்டு வாங்குங்க, இந்தக் கடைக் கார்டு பேசாது," என்று சொன்னாள். காக்கா பாவம், சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, ஒங்களுக்குக் கார்டு வேணுமா, எங் கடையே வேணுமா? சொல்லிருங்க, சாவியத் தந்துர்றேன்."

"ஒங்க கடைய வச்சு நான் என்ன செய்ய? கார்டத் தாங்க."

புதுக் கார்டை அவரே சுரண்டி, அவரே நம்பர் அடித்து, மணி அடிக்கிறது என்று காதில் வைத்துக் காட்டிக் கொடுத்தார். அவருக்கு அவளைப் பிடிக்கும். எனக்கும் அப்படிப்பட்ட நேரங்களில் பிடிக்கும். அடுத்த நிமிஷமே, இவளோடு சேர்ந்து சுற்றுகிறேன் என்று எவனாவது ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவானோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். பயந்தவளுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறார்கள். வரும். வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஹோட்டல் லாபியைப் புதுப்பித்தபோது முதலாளி இத்தாலியிலிருந்து ஒரு வெண்கலச் சிலையை வரவழைத்தார். அங்கே ஏதோ ஓர் ஊர்ச் சதுக்கத்தில் நானூறு ஐந்நூறு வருஷமாக நிற்கும் சிலையாம், இது அதைப் பார்த்து வார்த்த நகல். நகல் என்றாலும் கிரேன் வைத்துத்தான் இறக்கினார்கள். கிரேக்கக் கதை வீரன் ஒருத்தன். பெயர் என் வாயில் நுழையாது, நுழைந்தாலும் சொல்ல எனக்கு மனசில்லை. பிறந்த மேனிக்கு நிற்கிறான். தலையில் இறகு முளைத்த தொப்பி, காலில் இறகு முளைத்த செருப்பு. வலது கையில் வாள். இடது கையில் ஒரு பெண்ணின் வெட்டிய தலை, மயிருக்குப் பதில் பாம்புகள் சுருண்ட தலை. ஏலத்துக்கு மீனைத் தூக்கிக் காட்டுகிறவன் மாதிரித் தூக்கிப் பிடித்திருக்கிறான். காலுக்குக் கீழே ஒரு மெத்தை. மெத்தையில் தலையில்லாத அவள் உடம்பு, மடங்கிச் சுருண்டு கிடக்கிறது. கழுத்திலிருந்து ரத்தம் விழுது விழுதாக, அதுவும் வெண்கலத்திலேயே. அந்த உடம்பின் மேல்தான் அவன் நிற்கிறான். அவளுடைய கை ஒன்று பீடத்துக்கு வெளியே தொங்கும்.

எல்லாம் கறுப்பு. பச்சையும் பழுப்பும் ஊறின கறுப்பு.

அவன் முகத்தில் கோபமே கிடையாது. கோபத்தில் வெட்டினவன் என்றாலாவது ஒன்று. இவன் குனிந்து, வேலை முடிந்து அலுத்துப்போன மாதிரி நிற்கிறான். அதைவிட என்னைக் கலக்கியது வேறொன்று. அவன் முகமும் அந்த வெட்டின தலையின் முகமும் ஒரே சாடை. கூடப் பிறந்தவர்கள் போல.

வந்த வாரமே அவனுடைய நிர்வாணம் பிரச்னையாகிவிட்டது. முதலாளி வீட்டுப் பெண்கள் வந்துபோகிற இடம். ஒர்க்‌ஷாப்பில் சொல்லி வெண்கலத்தில் ஓர் இலை செய்து அவன் இடுப்பில் பொருத்தினார்கள். கீழே கிடந்தவளும் பிறந்த மேனிக்குத்தான் கிடந்தாள். அவளுக்கு இலை செய்ய யாருக்கும் தோன்றவில்லை. பெரிய பெரிய ஈச்சம் தொட்டிகளை வரிசையாகப் பீடத்தைச் சுற்றி வைத்தார்கள். அவள் மறைந்துபோனாள்.

அக்கா ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்த்தாள். "பாத்தியாட்டி, வெட்டுனவனுக்கு மானம் இருக்கு. வெட்டுப்பட்டவளுக்குச் செடி."

ரிசப்ஷனில் ஒரு மலையாளப் பெண், காலேஜ் படித்தவள், எங்களிடம் நன்றாகப் பேசுவாள். அவளிடம் கதையைக் கேட்டோம். அந்தப் பெண் ஒரு காலத்தில் பெரிய அழகியாம். கடலுக்குத் தெய்வமான ஒருத்தன் அவளை ஒரு கோயிலுக்குள் வைத்துக் கெடுத்துவிட்டானாம். கோயில் தீட்டுப்பட்டது என்று அந்தக் கோயில் அம்மனுக்குக் கோபம். சாபம் இவளுக்கு. மயிரெல்லாம் பாம்பு, பார்த்தவனெல்லாம் கல். பிறகு இந்த வீரன் வந்து தூங்கிக்கொண்டிருந்தவள் கழுத்தை வெட்டினானாம்.

"கெடுத்தவன?" என்றாள் அக்கா.

"அவனொந்நுமில்ல சேச்சி. அவன் தேவனல்லே." அவனுக்கு ஒன்றும் கிடையாதாம், அவன் தெய்வமாச்சே.

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். குதிகால் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

எங்கள் ரூமில் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. அமைதியான பிள்ளை. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளும். ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்காதான் தட்டித் திறக்கவைத்தாள். எங்கள் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர், வேறு எந்த நாட்டானும் இல்லை, நம் நாட்டுக்காரன்தான், வடக்கத்தியான், படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் லினன் ரூமில் அவளை வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். இவ்வளவுதான் அவள் சொன்னது. சொல்லிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா," என்றாள். நான் சரி என்றேன். அக்கா சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் காலை பிரீஃபிங்கில் மேனேஜர் கையில் கட்டோடு வந்து நின்றான். ஒரு ரூமில் தங்கியிருந்தவருடைய வாட்சைக் காணோம் என்றான். எடுத்தது கடலூர்ப் பிள்ளை என்றான். அவளுக்கு அன்றிலிருந்து டியூட்டி கிடையாது, விசா கேன்சல் ஆனதும் ஊருக்கு அனுப்பப்படுவாள், பாஸ்போர்ட் ஆபீசில் இருக்கிறது, பேச்சு முடிந்தது, கலாஸ். அந்த மாடியில் நானும்தான் வேலை செய்தேன். தங்கியிருந்த ஒருத்தரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வாட்சே கிடையாது. நின்றிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

எல்லாரும் தரையைப் பார்த்தோம். அக்கா மட்டும் அவன் கையைப் பார்த்துக்கொண்டு தன் ஹிந்தியில் கேட்டாள்.

"ஹாத் மே க்யா ஹுவா, சார்?"

கைக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்கிறாள். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றான். அவள் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "இந்த ஊருல கதவுக்குப் பல்லு மொளச்சிருக்குட்டி," என்றாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவனுக்கு வார்த்தை புரிந்திருக்காது. சிரிப்பு புரிந்துவிட்டது.

அன்று மத்தியானமே அவளை ரூம் வேலையிலிருந்து எடுத்து லாபித் தரைக்குப் போட்டார்கள். மெஷின் போகாத மூலை முடுக்கெல்லாம் முட்டி போட்டுத் தேய்க்கிற வேலை. தொட்டிகளுக்குப் பின்னால், பீடத்தைச் சுற்றி, கையால்தான் தேய்க்கவேண்டும். முட்டி போட்டால் சிலையில் தொங்கும் அந்தக் கை சரியாக அவள் முகத்துக்கு நேரே வரும்.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு லாபிக் கண்ணாடி துடைக்கிற வேலை. நாலைந்து நாள் போயிருக்கும். செடிக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ மின்னியது. போய்ப் பார்த்தால், அந்தத் தொங்கும் கை விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை பளபளவென்று இருக்கிறது, கார்த்திகைக்கு விளக்கிவைத்த குத்துவிளக்கு மாதிரி. அக்கா மெஸ் அடுக்களையிலிருந்து கொண்டுவந்த புளியை உப்போடு பிசைந்து, தேங்காய் நாரில் தொட்டுச் சிலையின் முழங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். "அக்கா, என்ன காரியம் செய்யுதீங்க? இது இத்தாலியில இருந்து வந்தது. அந்தக் கறுப்பு வேணும்னு வச்சிருக்காவ."

"எதுக்கு?"

"சிலைன்னா அப்பிடித்தான் இருக்குமாம்."

"ஏட்டி, ஒன் வீட்டுச் செம்புல இப்பிடிக் களிம்பு ஏறிக் கெடந்தா ஒன் மாமியா சும்மா விடுவாளா?" சொல்லிவிட்டுத் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது. "அதுக்கில்ல. செத்தவள எத்தன நாளைக்கு இப்பிடியே போட்டு வப்பானுவ? ஆம்பள தொடப்பிடாது. நாமதான் செய்யணும்."

எங்கள் பக்கத்தில் ஒருத்தி செத்துப்போனால் தெருப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். நாலு பேர் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்ள, உள்ளே இரண்டு பேர் எண்ணெயும் சீயக்காயும் வைத்து, மஞ்சள் பூசி. செத்தவளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவளும் அன்றைக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீராவது ஊற்றியாக வேண்டும். குளிப்பாட்டாமல் ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தால் அந்தத் தெருவுக்கே அசிங்கம். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது தெரு. இது ஹோட்டல். வெண்கலத்துக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா அவள்? தெரியும். தெரிந்துகொண்டே தேய்க்கிறாள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"அந்தப் பிள்ளைய ஊருக்கு அனுப்புற வரைக்குமாவது சும்மா இருங்கக்கா. நீங்களும் போயிட்டா அதுக்கு யாரு இருக்கா?"

அவள் காதில் வாங்கவில்லை. ஈச்ச ஓலை மறைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள், மார்பு, மடங்கின முழங்கால், பாதம் என்று எல்லாவற்றையும் விளக்கினாள். விழுது விழுதாகத் தொங்கின ரத்தத்தை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது அவ அழுக்கில்ல," என்றாள். மேலே நின்றவன் கால் விரலைக்கூடத் தேய்க்கவில்லை.

இதற்கு நடுவில் கடலூர்ப் பிள்ளை கேம்பிலேயே இருந்தாள். நாங்கள் கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், திரும்பி வரும்போதும் அதே இடத்தில். விசா கேன்சல் ஆக நாள் எடுத்தது.

முதலாளி வீட்டு விசேஷம் ஒன்று வந்தது. பூ அலங்காரத்துக்கு வந்தவர்கள் காலையில் முதல் வேலையாக ஈச்சம் தொட்டிகளை நகர்த்தினார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே பேச்சு நின்றுபோனது மட்டும் தெரிந்தது.

மேலே அவன் கறுப்பாக நிற்கிறான். கீழே அவள் தங்கம் மாதிரிக் கிடக்கிறாள். கதவைத் திறந்து யார் வந்தாலும் கண் அவன் மேல் போகவில்லை, அவன் தூக்கிப் பிடித்திருந்த தலை மேலும் போகவில்லை. கீழே கிடந்தவளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அழகாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். தோலை உரித்துப் போட்ட மாதிரி இருந்தது. சிலையை நிறுத்திக் கொடுத்த வெள்ளைக்காரர் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிறத்தை மறுபடியும் அதேபோலக் கொண்டுவர முடியாது என்றாராம்.

மத்தியானத்துக்குள் முதலாளியே வந்தார். வயசான அரபி. மெதுவாகப் பேசுகிறவர். எங்களைப் போன்றவர்கள் அவரை ஆபீஸ் சுவரில் மாட்டின போட்டோவில் பார்த்ததுதான். லாபியில் வேலை செய்த எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். கேட்பதற்கு முன்பே அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

மேனேஜர் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "படிப்பில்லாத பொம்பளை சார். அழுக்கு என்று நினைத்துத் தெரியாமல் செய்துவிட்டாள்." பிறகு அவளைப் பார்த்து, "சொல்லு, தெரியாமல் செய்தேன் என்று சொல்லு," என்றான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்காக இல்லை. அவள் வாயைத் திறந்தால் வேறு என்ன வரும் என்ற பயம். ஆனாலும் எனக்கு அந்த நேரத்தில் அவன் காலில்கூட விழலாம் போல இருந்தது. சொல்லித் தொலையேன் அக்கா. தெரியாமல் செய்தேன். இரண்டு வார்த்தை. முதலாளி முகத்தில் இரக்கம் இருந்தது, விட்டுவிடுவார்.

முதலாளிக்கு ஹிந்தி நன்றாக வரும். அவள் ஹிந்தி உடைந்த ஹிந்தி. என் காதில் என்னமோ தமிழாகத்தான் விழுந்தது.

"தெரிஞ்சுதான் செஞ்சேன் சார். வெட்டிப் போட்டுட்டு, மேல ஏறி நின்னுக்கிட்டு, அவளக் குளிப்பாட்டக்கூட ஆளில்லாம வச்சிருக்கீங்க. அதான் குளிப்பாட்டுனேன். இவ கல்லு, செம்பு, போனாப் போகுது. கேம்புல ஒருத்தி உயிரோட உக்காந்திருக்கா. இந்த ஆளு லினன் ரூம்ல வச்சு அவ மேல கைய வச்சான். அவ கடிச்சா. அந்தக் கட்டு அதுதான். திருடின்னு பேரு கட்டி ஊருக்கு அனுப்புதாங்க. அவளக் கூப்பிட்டுக் கேளுங்க."

மேனேஜர், பொய் என்றான். முதலாளி அவனைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தார். கட்டு இன்னும் இருந்தது. வேனை அனுப்பி அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார்.

அந்த வேன் வரும்வரை நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். என் வாழ்நாளில் முதல்தடவையாக, நல்லது நடந்துவிடுமோ என்று பயந்தேன். முதலாளி கேட்கப்போகிறார். அந்தப் பிள்ளை ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருடிப் பட்டம் போகும், அவன் போவான். அக்காவை நான் திட்டினதெல்லாம் தப்பு என்று ஆகிவிடும். ஆகட்டுமே.

வந்தாள். கேம்பில் போட்டிருந்த நைட்டி மேல் ஒரு துண்டைப் போர்த்தி அப்படியே கூட்டிவந்துவிட்டார்கள். முதலாளி நாற்காலி போடச் சொன்னார், அவள் உட்காரவில்லை. "பேட்டி, மகளே, பயப்படாதே. இந்த அம்மா சொல்வது உண்மையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவள் சுற்றிப் பார்த்தாள். டிரைவர்கள், செக்யூரிட்டி, பூக்காரர்கள். ரெஸ்டாரண்ட் பையன்கள் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் அவள் ஊருக்குப் பக்கத்து ஊர், அவள் மாமன் வீட்டுக்குத் தெரிந்தவன். அவள் கண் அவனிடம் போய் நின்றதை நான் பார்த்தேன்.

"நஹி சார்," என்றாள். "அப்பிடி எதுவும் நடக்கல. வாட்ச் நான்தான் எடுத்தேன்."

முதலாளி இன்னொரு தடவை கேட்டார். அவள் அதையே சொன்னாள், கொஞ்சம் சத்தமாக.

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். போலீஸ் வேண்டாம், கேஸ் வேண்டாம், இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள் என்றார். போகும்போது சிலையைப் பார்க்காமல் போனார். மேனேஜர் ஈச்சம் தொட்டிகளைத் திரும்ப வைக்கச் சொன்னான்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு வார்த்தைக்காக ஒருத்தி தன் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், இவள் அதைக் காலால் தள்ளிவிடுகிறாள். அக்காவையும் உலுக்க வேண்டும். அவள்தான் சொல்லாதீங்க என்றாளே, அவளைக் கேட்டுக்கொண்டா போய் அத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்தாய்? இரண்டையும் வாய்விட்டுக் கேட்டேன், ரூமில் வைத்து. அக்கா தன் பெட்டியைக் கட்டினாள். அந்தப் பிள்ளை தன் பெட்டியைக் கட்டினாள். ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு. அக்காவின் வாயில் அந்த ஒரு சொல் வராமல் நான் பார்த்தது அப்போதுதான். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். இது தாங்கவில்லை.

கிளம்பின அன்று காலையில் வேன் கேம்ப் வாசலில் நின்றது. மேனேஜரே வந்திருந்தான், இரண்டு பேரும் ஏறினதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக. கொஞ்சம் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நான் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே சீட். ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைதான் முதலில் பேசினாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, திருடின்னு சொன்னா எங்கப்பா நம்பமாட்டாரு. எம் பொண்ணு எடுத்திருக்கமாட்டான்னு ஊரே அதிரக் கத்துவாரு. நீங்க சொன்னத சொன்னா நம்பிடுவாரு. தலையக் குனிஞ்சிக்குவாரு. அப்புறம் நிமிரவே மாட்டாரு."

அக்கா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். புளி பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. பிறகு நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரிட்டி. எடுத்தேன்னுட்ட. எப்பிடிப்பட்ட வாச்சி?"

"ம்?"

"ஊருல கேப்பானுவல்லா? திருடுனவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. "கறுப்பு வாருக்கா," என்றது மெதுவாக.

"வாரு கெடக்கட்டும். தங்கமா?"

"தங்கம் மாதிரி." கொஞ்சம் யோசித்தது. "ஓடல."

"ஓடாத வாச்சியவா எடுத்த, சவத்து மூதி? கண்ணு எங்க போச்சு ஒனக்கு? அதுக்கு என்னையும்லாட்டி சேத்து அனுப்புதானுவ."

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. தோள் குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை.

மேனேஜர் போனை முடித்துவிட்டு வந்தான். கையில் கட்டு இல்லை. வேன் கதவை இழுத்துச் சாத்தி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "யல்லா," என்றான். வேன் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து குலுங்குவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ரோட்டில் திரும்புவதற்குள் அது அழுகையாக மாறியிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.